வினாகிரி என்று தீர்க்கப்பட்ட வைன்

1

இங்கே மெல்பேணில் மாசி முடியும் நேரம் பக்கத்து வீட்டு ஜுசெப்பேயின் கராஜ் வாசலில் முந்திரிகைப் பெட்டிகள் வந்து இறங்கும். நாங்கள் ஊரில் முந்திரிகை என்பதைத்தான் இந்தியப் புத்தகங்கள் திராட்சை என்கின்றன. ஜுசெப்பேயிடம் ஒரு கொடிகூடக் கிடையாது. இத்தாலியிலிருந்து வந்து கட்டட வேலை செய்து ஓய்ந்த மனிதன். சந்தை லொறியில் கறுப்புப் பழமாகப் பார்த்து வாங்கி, மகன்மாரைக் கூப்பிட்டு நசித்து, பீப்பாவில் விட்டு, வருடம் முழுக்கக் குடிக்கிறான். அதற்கு அனுமதிப்பத்திரம் இல்லை, கேட்பாரும் இல்லை. ஆயுள் முழுவதும் நீதிமன்றப் பதிவாளராக இருந்த எனக்கு, வந்த புதிதில் அதைப் பார்க்கக் கை துருதுருத்தது.

போன ஞாயிறு என் பேரன் வேலி ஏறிக் குதித்து, போன வருடத்துப் பீப்பா ஒன்றின் அடைப்பைப் பிடுங்கிவிட்டான். ஜுசெப்பே ஓடிவந்து அவன் மணிக்கட்டில் ஒன்று போட்டான். பேரனுக்குக் கௌதமன் என்று நாள் பார்த்துப் பெயர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அவன் கெரி. கெரி அழுதுகொண்டே ஆங்கிலத்தில் வாக்குமூலம் கொடுத்தான்: அவன் ஒன்றும் எடுக்கவில்லை, சும்மா திறந்து பார்த்தானாம்.

மருமகள் கொதித்துப்போனாள். "மாமா, நகரசபைக்கு ஒரு முறைப்பாடு எழுதுங்கோ. பிள்ளையிலை கை வைச்சதையும் எழுதுங்கோ, பின்னுக்குக் கள்ளமாய் வைன் காய்ச்சுறதையும் எழுதுங்கோ. உங்களுக்குத்தானே உந்த எழுத்தெல்லாம் தண்ணிபட்ட பாடு."

"வைன் காய்ச்சுறதில்லை, பிள்ளை. அது தானாய்ப் பொங்கிறது" என்றேன்.

"எனக்கு உந்த விளக்கம் வேண்டாம் மாமா."

அவளுக்கு வேண்டாம். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு வேண்டியிருக்கலாம். திறந்து பார்த்த மூடிகளால் அழிந்த ஒருவனை எனக்குத் தெரியும். அவனுக்கு யாரையும் அடிக்கத் தெரியாது. அதுதான் அவனுக்கும் ஜுசெப்பேக்கும் உள்ள வித்தியாசம்.

2

எழுபதுகளில், வெளிநாட்டுச் சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று அரசாங்கம் கதவைப் பூட்டியிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் லோரன்ஸ் என்ற பெடியன், இயந்திரம் திருத்துகிற பிற்றர் வேலை செய்தான். கலியாணம் முடித்துப் புதிது. கப்பல்களில் பம்பு பழுதானால் ஏணியில் ஏறி உள்ளே போவான். அப்படிப் போன ஒரு கப்பலின் சமையற்காரனிடம் சிவப்பு வைன் போடுகிற முறையைக் கேட்டு வந்தான். மற்றவர்கள் கப்பலிலிருந்து சிகரெட்டும் சவர்க்காரமும் கொண்டுவந்தார்கள். இவன் அறிவைக் கொண்டுவந்தான். சுங்கப் பகுதியார் பிடிக்காத ஒரே சாமான் அதுதான் என்பதால், அதைப் பிடிக்கும் வேலை அங்கே நீதிமன்றத்தில் இருந்த எங்களுக்கு வந்தது.

அந்த நாளில் யாழ்ப்பாணத்துக் கிணற்றடித் தோட்டங்களில் முந்திரிகை நன்றாகக் காய்த்தது. வெங்காய லொறியில், தேயிலைப் பெட்டிகளுக்குள் வைக்கோல் போட்டு அடுக்கி வரும். மேசைக்கு உதவாது என்று கடைக்காரர் கழித்த கறுப்புப் பழத்தை லோரன்ஸ் பெட்டியோடு வாங்குவான். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் அவன் வீடு. கோடிப்புறக் கொட்டிலில் மூன்று பெரிய சீனச் சாடிகள். ஒருமுறை அவன் மனைவி திரேசாவின் பிறப்பத்தாட்சி விஷயமாக நான் அங்கே போக நேர்ந்தது. லோரன்ஸ் துடுப்பு மாதிரி ஒரு பலகையால் மேலே மிதந்த தோலையெல்லாம் அமுக்கிக்கொண்டிருந்தான். கை முழங்கை மட்டும் ஊதா நிறம்.

"ஐயா, தோலிலைதான் நிறம் இருக்கு. அது மேலை வந்து காயக் காய, பிடிச்சுத் தாட்டுக்கொண்டே இருக்கவேணும்."

"பிறகு?"

"பொங்கிற மட்டும் அதுக்குக் காத்து வேணும், ஐயா. பொங்கி முடிஞ்சுதெண்டால் காத்துத்தான் அதுக்கு எமன். விளிம்பு மட்டும் நிரப்பி, மெழுகு உருக்கி மூடியைச் சுத்தி அடைச்சிடவேணும். ஒருக்காத் திறந்தாலும் புளிச்சு வினாகிரியாப் போம்."

மெழுகு வேதக்கோயிலில் எரிந்து மிஞ்சிய திரியடிகளை உருக்கியது. கோயிலுக்கும் இதில் பங்கு இருந்தது. பூசைக்கு வைன் தட்டுப்பாடு. பங்குச் சுவாமியார் கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரிச் சொட்டுச் சொட்டாக வார்த்துக்கொண்டிருந்தார். சீனி கலவாத, முந்திரிகைப் பழத்தில் மட்டும் போட்ட வைன் என்றால் பூசைக்கு ஆகும் என்று அவர் லோரன்சுக்குச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு பூசையில், எல்லோரும் முழந்தாளில் நிற்க, சுவாமியார் பாத்திரத்தைத் தூக்கும்போது அதற்குள் இருப்பது தன்னுடையதாக இருக்கவேண்டும். லோரன்சின் ஆசை அவ்வளவுதான். விற்கும் எண்ணம் அவனுக்கு இருந்ததாக அவன் எதிரிகள்கூடச் சொன்னதில்லை.

"அனுமதிப்பத்திரம் எடுத்தனீரோ?" என்று கேட்டேன்.

"கேட்டுப் போனனான், ஐயா. மாதிரிக்கு ஒரு போத்தல் கொண்டு வா, பாத்துப்போட்டுத் தாறம் எண்டினம். அனுமதி இல்லாமல் மாதிரியை எப்பிடி ஐயா செய்யிறது எண்டு கேட்டன். அது சட்டவிரோதம் எண்டினம்."

நடைமுறை அதுதான். அதில் ஒரு பிழையும் இல்லை.

3

யாரோ மொட்டைக்கடிதம் எழுதிப் போட்டார்கள். மதுவரிப் பரிசோதகர் வந்து, ஒரு சாடியின் மெழுகை உடைத்துத் திறந்து, ஒரு போத்தல் எடுத்து அரக்கு முத்திரை வைத்து வழக்குப் போட்டார். குற்றவாளி என்று தீர்ந்தால் துறைமுக வேலை போகும். திரேசாவுக்கு அப்போது மூன்றாம் மாதம்.

சான்றுப்பொருள் என்னுடைய நீதிமன்றத்துத் தகரக்கூரை அறைக்கு வந்தது. கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்ப ஒழுங்கு வரும்வரை அங்கே கிடக்கவேண்டும். அந்த அறையின் குணத்தைச் சொல்லவேண்டும். சாராயப் போத்தல்கள் அங்கே வந்தால் மட்டம் இறங்கும். வெயில் குடித்துவிட்டது என்று பியோன் கந்தையா சொல்லுவான். வெயிலுக்கும் கந்தையாவுக்கும் ஒரே மணம். லோரன்சின் போத்தலில் அரக்கைச் சூட்டுக் கத்தியால் பக்குவமாகக் கிளப்பி, ருசி பார்த்து, திரும்ப ஒட்டியிருக்கிறான். ஒரு நாள் என்னிடமே வந்து முறையிட்டான்.

"ஐயா, உந்தப் பெடியன்ரை சாமான் முதல் கிழமை தேவாமிர்தம். இப்ப வாய்க்குள்ளை வைக்க ஏலாது. ஆரோ மாத்திப்போட்டாங்கள்."

"ஆர் மாத்தினது, கந்தையா?"

"அதைத்தான் ஐயா நானும் யோசிக்கிறன்."

சில மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து அறிக்கை வந்தது. புளித்த திரவம், வினாகிரி வகை. பொய் சொல்லவில்லை. அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான்.

லோரன்சுக்காகத் தோன்றிய பிரக்கிராசியாருக்கு வாயெல்லாம் பல். நீதிமன்ற விறாந்தையில் வைத்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் கேட்டேன்.

"ஐசே, வினாகிரி போடுறதுக்கு லைசென் தேவையில்லை. நான் போட்டது வினாகிரி எண்டு ஒரு வார்த்தை சொல்லும். வீட்டை போய்ச் சாப்பிடலாம்."

"சேர், அது வைன்."

"வைன் எண்டு நீர் சொன்னால் மறியலிலை கிடப்பீர். வினாகிரி எண்டு அரசாங்கமே சொல்லுது. உமக்கு அரசாங்கத்தைவிடத் தெரியுமோ?"

"நான்தானே சேர் போட்டனான்."

"பெண்சாதியைப் பாரும்" என்றார் பிரக்கிராசியார். திரேசா வாகைமரத்தின் கீழ் நிறைவயிற்றோடு இடுப்பில் கையூன்றி நின்றாள். லோரன்ஸ் பார்த்தான்.

கூண்டில் ஏறி நின்று, பைபிளில் கை வைத்து, தான் போட்டது வினாகிரி என்று சொன்னான். நீதவான் உரத்துச் சொல்லச் சொன்னார். சொன்னான். பின் வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வழக்குத் தள்ளுபடி. கட்டளையை என் கையாலேயே எழுதினேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

மற்ற ஞாயிறு அவன் சுவாமியாரிடம் போய், மெழுகு உடையாத இரண்டு சாடி மிச்சம் இருக்கிறது என்றான். சுவாமியார் நல்ல மனிதர்; அதனாலேயே கண்டிப்பானவர்.

"மகன், வினாகிரியிலை பூசை வைச்சால் அது பூசை இல்லை. திருச்சபைச் சட்டம்."

"சுவாமி, அது வினாகிரி இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்."

"நீர் வேதப்புத்தகத்திலை கை வைச்சுச் சொன்னனீர். அப்ப பொய்ச்சத்தியம் செய்தனீரோ? செய்திருந்தால் முதலிலை பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வாரும். அதிலையும் வைன் எண்டு சொன்னீரெண்டால், அங்கை கேட்டதை நான் ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது."

அரசாங்கமும் திருச்சபையும் ஒரே கருத்துக்கு வருவதை என் சேவைக்காலத்தில் நான் அந்த ஒருமுறைதான் கண்டேன்.

4

எங்கள் ஊரில் பட்டப்பெயர் ஒருவனை ஆயுளுக்கும் விடாது. லோரன்ஸ் "வினாகிரி" ஆனான். துறைமுகப் படலையில் பெயர் கூப்பிடுகிறவனும் அப்படியே கூப்பிட்டான். இவனும் "ஓம்" என்று போய் நின்றான்.

அடுத்த தவக்காலத்தில், ஆண்டவரின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் பழக்கும் அண்ணாவியாருக்கு ஒரு யோசனை வந்தது. சிலுவையில் தொங்கும் ஆண்டவருக்குக் கடற்பஞ்சைக் காடியில் தோய்த்துத் தடியில் நீட்டுகிற சேவகன் ஒருவன் வருவான். காடி என்பது வேதப்புத்தகத்தில் வினாகிரிக்குப் பெயர். "அந்தப் பாத்திரம் லோரன்சுக்கு. சாமானும் அவனிட்டையே இருக்கு" என்றார் அண்ணாவியார். பழக வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லோரன்ஸ் மறுப்பான் என்று நினைத்தேன். அவன் ஒப்புக்கொண்டான்.

பெரிய வெள்ளி பின்னேரம். கோயில் வளவு நிறைந்த சனம். முன்வரிசைக் கதிரைகளில் நானும் மதுவரிப் பரிசோதகரும் பிரமுகர்கள். வழக்கமாகப் பஞ்சில் புளித்தண்ணீர்தான். அன்று லோரன்ஸ் கொண்டுவந்த சட்டியில் இருந்தது வேறு. ஒரு சாடியின் மெழுகை அதற்காகவே உடைத்திருக்கிறான். மணம் முன்வரிசைக்கு வந்தது. பரிசோதகர் என்னைப் பார்த்தார். நான் சிலுவையைப் பார்த்தேன்.

சிலுவையில் தொங்கியவன் சவரிமுத்து, வலைச்சம்மாட்டி, மீன்பிடி முதலாளி. தாடிக்காக நாலு மாதம் சவரம் செய்யாதவன். பஞ்சு வாயில் பட்டதும் முகத்தைத் திருப்பி, "எல்லாம் முடிந்தது" என்று தலை சாய்க்கவேண்டும். சவரிமுத்து உறிஞ்சினான். கண்ணைத் திறந்தான். திரும்பவும் உறிஞ்சினான். லோரன்ஸ் தடியை எடுக்கப் போக, ஆண்டவர் பஞ்சைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டார்.

"முகத்தைத் திருப்படா, மூதேவி!" என்று திரைக்குப் பின்னால் அண்ணாவியாரின் குரல் கேட்டது.

அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் லோரன்சைத்தான் பார்த்தேன். தகரத் தொப்பிக்குக் கீழே அவன் முகம் மலர்ந்திருந்தது. முழு ஊரும் கண்டுவிட்டது என்று நினைத்திருப்பான்.

நாடகம் முடிந்து திரைக்குப் பின்னால் பரிசோதகர் போனார். நானும் போனேன்.

"சவரிமுத்து, பஞ்சிலை இருந்தது என்ன?"

சவரிமுத்து முள்முடியைக் கழற்றாமலே கைகட்டி நின்றான். "காடி, ஐயா."

"நல்லாய் உறிஞ்சினீர்?"

"தாகம், ஐயா. காடிதான். நல்ல புளிப்பு."

லோரன்ஸ் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "சவரி, இவ்வளவு நேரமும் ஆண்டவராய் நிண்டனியெல்லோ. உண்மையைச் சொல்லு. அது என்ன?"

"காடியடா" என்றான் சவரிமுத்து மூன்றாம் முறையாக. கண்ணால் கெஞ்சினான். லோரன்சைக் காப்பாற்றுவதாக அவன் எண்ணம். வேதத்தில் சீடன் மூன்றாம் முறை மறுதலித்ததும் கூவிய சேவல் ஒன்றுதான் இங்கே கூவவில்லை.

லோரன்ஸ் பரிசோதகரிடம் திரும்பினான். "ஐயா, அது வைன். நான் போட்டது. கோட்டிலை சொன்னது பொய். என்னைப் பிடியுங்கோ."

பரிசோதகர் அவனை எரிச்சலோடு பார்த்தார். பெரிய வெள்ளி, அவருக்கும் வீட்டில் கஞ்சி காத்திருந்தது.

"என்ன விளையாடுறீரோ? உம்மடை சாமான் வினாகிரி எண்டு அறிக்கை இருக்கு, நீதவானின்ரை கட்டளை இருக்கு. நீர் குடிச்சவன் மாதிரி நிண்டு வைன் எண்டால் நான் அதை எந்தச் சட்டத்துக்குக் கீழை எழுதிறது? பதிவாளர் ஐயாவைக் கேளும்."

என்னைக் கேட்டான். தீர்ந்த வழக்கை இப்படித் திறக்க வழியில்லை என்றேன். அது சரியான பதில். இன்று கேட்டாலும் அதுதான் பதில்.

5

இங்கே எனக்கு ஓய்வூதியம் வருவதற்கு, நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருடாவருடம் ஒருவர் உறுதிசெய்து கையெழுத்திடவேண்டும். நானே நேரில் போய் நின்று, இதோ இருக்கிறேன் என்றால் செல்லாது. போன முறை அந்தக் கந்தோரில் நான் பேசிய ஆங்கிலம் நாங்கள் நீதிமன்றத்தில் எழுதுகிற ஆங்கிலம். "தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன்" என்ற தோரணையில் நான் தொடங்கியதும், கவுண்டரில் நின்ற பெண் தன் தோழியைக் கூப்பிட்டு, இன்னொருமுறை சொல்லும்படி கேட்டாள். கெரி பக்கத்தில் நின்று வெட்கத்தில் என்னைத் தெரியாதவன் போல் சுவரைப் பார்த்தான். நான் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி அவன்தான். அவன் சாட்சி சொல்லமாட்டான்.

முறைப்பாட்டுக் கடிதம் இன்னும் எழுதவில்லை. மருமகள் தினமும் கேட்கிறாள். நேற்று ஜுசெப்பே வேலிக்கு மேலால் ஒரு போத்தலை நீட்டி, பேரனின் கையைக் காட்டி, ஏதோ மன்னிப்புப் போலச் சொன்னான். மணந்து பார்த்தேன். மணந்ததும் காசிம் காக்கா ஞாபகத்துக்கு வந்தார்.

6

காசிம் காக்காவின் கடை இறங்குதுறைக்குப் பக்கத்தில். குறிஞ்சாக்கேணிக்காரர், முஸ்லிம்களின் வழக்கப்படி எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன்; காலையில் கின்னியாத் துறையால் வந்து, பொழுதுபட்டால் திரும்பிப் போவார். வெங்காயம், செத்தல் மிளகாய், காய்கறி ஊறவைத்து அச்சாறு போட வினாகிரி எல்லாம் அவரிடம்தான் வாங்குவோம்.

பாஸ்கு முடிந்த கிழமை, இருக்கிறதை வினாகிரி என்றாவது விற்றுத் தொலைக்கச் சொல்லித் திரேசா லோரன்சைத் துரத்தினாள். அவன் ஒரு போத்தலோடு காசிம் காக்காவிடம் போனான். அவர் தக்கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். உடனே கையை நீட்டி எட்டப் பிடித்தார்.

"தம்பி, இது வினாகிரி இல்ல. இது வைன் சாமான். நமக்கு ஹறாம். எடுத்துட்டுப் போங்க."

"காக்கா குடிச்சுப் பாக்கேல்லையே."

"வாழ்க்கையில தொட்டதில்ல. ஆனா துறையடியில கடை வெச்சிருக்கன். எத்தின கப்பல்காரன் வந்து இந்த மேசையில சாஞ்சு கதைச்சிருப்பான். எது என்ன சாமான் எண்டு இந்த மூக்குக்குத் தெரியும். இது நல்ல வைன். அதனாலதான் கடைக்குள்ள வெக்க ஏலாது."

"காக்கா, இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"என்னத்த?"

"நீங்கள் சொன்னதை."

காசிம் காக்கா இதை என்னிடம் சொல்லும்போது, பெடியனுக்கு மூளை தட்டிவிட்டதோ என்று கவலைப்பட்டார். "வேணாம் எண்டு திருப்பிக் குடுக்கன், அவன் என்ட கையப் புடிச்சு அழுவுறான்."

அன்றுமுதல் வருடத்துக்கு ஒருமுறை, புது வைன் தெளிந்ததும், லோரன்ஸ் ஒரு போத்தலோடு அந்தக் கடைக்குப் போனான். காக்கா மணந்து பார்ப்பார், ஹறாம் என்பார், திருப்பிக் கொடுப்பார். லோரன்ஸ் தலை நிமிர்ந்து வீடு போவான். அவனுடைய வைனை வைன் என்று சொல்ல, வைன் குடிக்காத ஒரு மனிதர் மட்டுமே இந்த உலகத்தில் இருந்தார்.

ஊர் அதற்கும் வழி கண்டது. அயலில் அரைக் கோப்பை தேங்காயெண்ணெய், ஒரு பிடி உப்பு என்று இரவல் கேட்டால் இல்லை என்று சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. லோரன்ஸ் வேலைக்குப் போனதும் பெண்கள் கோப்பையோடு வந்தார்கள்.

"திரேசா, மீனுக்கு விட அரைக் கோப்பை வினாகிரி தாவன்."

அது வைன் என்று அவள் சொல்ல முடியாது. சொன்னால் புருசன் பொய்ச்சத்தியக்காரன். வினாகிரி என்று ஒப்புக்கொண்டால் கொடுக்காமல் விட முடியாது. மெழுகைக் கீறி, மூடியைத் தூக்கி, அள்ளிக் கொடுத்துவிட்டுத் திரும்ப மூடுவாள். மற்ற நாள் அவர்களே வந்து, "புளிப்புக் காணாதடி, உன்ரை வினாகிரி" என்று குறை சொல்லிவிட்டு, இன்னும் அரைக் கோப்பை வாங்கிப் போவார்கள். ஆண்கள் பகிடிக்காகத் திறந்தார்கள். பிள்ளைகள் சும்மா திறந்து பார்த்தார்கள். லோரன்ஸ் பின்னேரம் வந்து மெழுகு உருக்கி அடைப்பான். யாரையும் ஒன்றும் கேட்கமாட்டான். என்னவென்று கேட்பது?

மூன்றாம் வருடம் அவன் போத்தலோடு வந்தபோது நான் கடையில் கொத்தமல்லி நிறுப்பித்துக்கொண்டிருந்தேன். சேர்ட் தோய்த்துப் போட்டு, தலை வாரி இழுத்து, ஒரு விசேஷத்துக்குப் போகிறவன் போல வந்தான். எனக்கு வணக்கம் சொன்னான். போத்தலை மேசையில் வைத்தான். காக்கா தக்கையை எடுத்தார். மணந்தார். இந்த முறை கை எட்டப் போகவில்லை. இன்னொரு முறை மணந்தார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கால் தொட்டார்.

லோரன்ஸ் அந்த நாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாஷா அல்லாஹ்" என்றார் காக்கா. அவருக்கு உண்மையான சந்தோஷம். "இப்பதான் தம்பி சரியான வினாகிரி. இது ஹலால், இத நான் எடுப்பன். இன்னும் இரிக்கா?"

லோரன்ஸ் என்னைப் பார்த்தான். கட்டளையை எழுதிய ஆள் நான்தானே.

"இருக்கு, காக்கா" என்றான். "மூண்டு சாடி."

அன்று பின்னேரமே காக்காவின் வண்டில் போய் மூன்றையும் ஏற்றி வந்தது. லோரன்ஸ் தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டானாம். அதன் பிறகு யாழ்ப்பாண லொறி வரும்போது அவன் முந்திரிகைப் பக்கம் போகவில்லை. அந்த முறை நோன்புப் பெருநாளுக்குக் காசிம் காக்கா வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு சட்டி அச்சாறு வந்தது. நல்ல அச்சாறு. மனைவி இன்னொரு சட்டி கேட்டனுப்பினாள்.